மெரிடித் கவுண்டியின் முப்பத்து நான்கு சதவீதம்

வெர்லின் ஆர்தர் ஹௌக்ஸ்டாட், 1939–2022. மாநிலத்தின் வடக்கு மாவட்டமான மெரிடித் கவுண்டியில் பிறந்தார். முப்பத்தாறு ஆண்டுகள் அதன் பண்ணைகளில் பால் சோதிப்பவராக வேலை பார்த்தார். இருபத்தாறு ஆண்டுகள் அங்கே தோற்கும் கட்சிக்குத் தலைவராக இருந்தார்.

தோற்கும் கட்சி என்று எழுதுவதில் இழிவு ஏதுமில்லை. அவரே தம் பதவியை அப்படித்தான் சொல்லிக்கொள்வார். அவருடைய கட்சி மெரிடித்தில் கடைசியாக முன்னணியில் நின்றது 1996-இல். அதன்பின் ஒவ்வொரு தேர்தலிலும் பின்னடைவு. கரையான் அரிக்கும் வேகத்தில், ஆனால் கரையான் போலவே ஓயாமல். நாற்பத்து நான்கு சதவீதம் முப்பத்தொன்பதாயிற்று, முப்பத்தொன்பது முப்பத்தாறாயிற்று, 2014-இல் முப்பத்து நான்கில் வந்து நின்றது.

காப்பிக் கடையில் செவ்வாய்க்கிழமைக் காலைகளில் நால்வர் கூடி யூக்கர் சீட்டு ஆடுவார்கள். எதிர்க்கட்சியின் கவுண்டித் தலைவர் டுவெய்ன் ப்ரஸ்டா, நாற்பது ஆண்டுகளாக வெர்லினுக்கு அங்கே ஆட்டக் கூட்டாளி. பன்றி வளர்த்து, விற்று, ஓய்ந்தவர். வாய் மட்டும் ஓயவில்லை.

"என்னய்யா வெர்லின், இந்தத் தடவை எத்தனைல தோக்கறதா உத்தேசம்?"

"ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரம்."

"மூவாயிரமா வச்சுக்கயேன், முழுசா இருக்கும்ல."

"அந்த நூறுதான்யா என் சம்பளம்."

"சம்பளமா? உனக்கு யாருய்யா குடுக்கறா?"

"அதான் இன்னும் வரல."

மேசையே சிரிக்கும். ஆனால் வெர்லின் சொன்னது வெறும் வேடிக்கை இல்லை. ஆளுநர் தேர்தலில் எந்தக் கவுண்டிக்கும் தனிப் பரிசு கிடையாது. எல்லாக் கவுண்டிகளின் வாக்கும் ஒரே பானையில்தான் விழுகிறது. தெற்கே ஏரிக்கரைப் பெருநகரம் அவருடைய கட்சிக்கு ஒரு லட்சத்து எண்பதாயிரம் முன்னிலை கொடுக்கும். வடக்கே நாற்பது சின்னக் கவுண்டிகள், ஒன்று மூவாயிரம், ஒன்று ஐயாயிரம் என்று அதைத் தின்னும். தின்றது போக மீதி இருந்தால் மாநிலம் கையில், இல்லையென்றால் இல்லை. அறுபத்தாறுக்கு முப்பத்து நான்கு என்று மெரிடித் தோற்கும் ஆண்டில் நகரத்து மக்களுக்கு அந்தப் பெயர்கூடத் தெரியவராது. எழுபதுக்கு முப்பது என்று தோற்றால்தான் தெரியவரும். பெயர் தெரியாமல் இருக்கப் பாடுபடுவதே வெர்லினின் தொண்டாக இருந்தது.

அந்த முப்பத்து நான்கில் பெரும்பகுதி தானாகவே வரும்: கவுண்டித் தலைமையூரின் ஆசிரியர்கள், மருத்துவமனை ஊழியர்கள், மூடிப்போன காகித ஆலையின் பழைய சங்கத்துக்காரர்கள். அவர்கள் வாசலில் பலகை நடுவார்கள், காரின் பின்னால் ஒட்டுவார்கள். அவர்களைப் பற்றி அவர் கவலைப்பட்டதில்லை. அவர் கவலையெல்லாம் மற்ற நானூற்றுப் பன்னிரண்டு பேரைப் பற்றியது.

பால் சோதிப்பவர் மாதம் ஒருமுறை ஒவ்வொரு பண்ணைக்கும் போவார். மாலைக் கறவைக்கு ஒருதரம், விடியல் கறவைக்கு ஒருதரம். ஒவ்வொரு மாட்டின் பாலையும் நிறுத்து, சிறு புட்டியில் மாதிரி எடுத்து, கொழுப்பை அளந்து எழுதுவார். இரண்டு கறவைக்கும் நடுவே அந்த வீட்டு அடுக்களையில் காப்பி. பக்கத்துப் பண்ணையில் எவ்வளவு கறக்கிறது என்று யார் கேட்டாலும், "மாடுங்க நல்லாருக்கு" என்பதைத் தாண்டி அவர் வாயிலிருந்து ஒரு சொல் வராது. அந்த வாயை நம்பித்தான், புருஷன் கொட்டகையில் இருக்கும் நேரத்தில், சில பெண்கள் காப்பியை ஊற்றிக்கொண்டே தாங்கள் எந்தப் பக்கம் என்பதைச் சொன்னார்கள். பெண்கள் மட்டுமா? ஷெரீஃபின் கீழ் வேலை பார்த்த ஒருவர், தீவனக் கடைக் கணக்கர், துப்பாக்கிக் கடை வைத்திருந்த இரு சகோதரர்களில் இளையவர். ஊரும் உறவும் ஒரு பக்கம் நிற்க, வாக்குச்சாவடியின் திரைக்குப் பின்னால் மட்டும் இன்னொரு பக்கம் நின்றவர்கள்.

அவர்களுக்குப் பலகை கிடையாது, தொலைபேசி கிடையாது, வாசலில் போய் நிற்பதும் கிடையாது. தேர்தலுக்கு மூன்று வாரம் முன்பு ஆளுக்கொரு கடிதம் போகும். வெர்லினின் மனைவி லவோன், தேவாலயப் பெண்கள் குழுவிலிருந்து எழுதுவதுபோன்ற வெள்ளை உறையில், தன் வட்டமான கையெழுத்தில் முகவரி எழுதுவாள். உள்ளே இரண்டே வரி: நலமா என்று ஒன்று, இன்ன தேதி நினைவிருக்கட்டும் என்று ஒன்று. கட்சியின் பெயரோ வேட்பாளரின் பெயரோ இருக்காது. பெயர்ச்சீட்டுகள் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. அந்தப் பெட்டி எதற்கு என்று எந்தச் சீட்டிலும் எழுதியிருக்கவில்லை. எழுத வேண்டிய தேவையும் இருந்ததில்லை. மெரிடித்தில் முக்கியமான எதையும் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொன்னால் அது முக்கியமில்லை என்று பொருள்.

லவோன் 2015-இல் இறந்துபோனாள். அடுத்த ஆண்டுத் தேர்தலுக்கு வெர்லின் தாமே நானூற்றுப் பன்னிரண்டு உறைகளையும் எழுதி முடித்தார். இரண்டு மாதம் பிடித்தது. 2018 ஆகஸ்டு இறுதியில், கூரையோர மழைநீர்க் குழாயில் அடைத்த இலைகளை எடுக்க ஏணியில் ஏறி விழுந்தார். எழுபத்தொன்பது வயதில் வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது. முழங்கைவரை மாவுக்கட்டு.

செப்டம்பரில் மாநில அலுவலகத்திலிருந்து டெனிஸ் கல்பெப்பர் வந்தார். பதினெட்டுக் கவுண்டிகளைத் தன்னந்தனியாகப் பார்த்துக்கொள்ளும் நாற்பத்தைந்து வயதுப் பெண்மணி. காரிலேயே சாப்பிட்டு, காரிலேயே உடைமாற்றி, ஊர் ஊராக ஓடிக்கொண்டிருந்தார். கெட்டிக்காரர், நல்லவர். வெர்லினின் கட்டைப் பார்த்ததும் முகம் வாடினார்.

"இந்தக் கையோட எப்படி வெர்லின் எழுதுவீங்க? நகரத்துல எங்களுக்கு ஒரு குழு இருக்கு. ரிட்டையர்டு டீச்சருங்க, நர்ஸுங்க. கையாலயே எழுதுவாங்க. பேரை மட்டும் குடுங்க, மிச்சத்தை நாங்க பாத்துக்கறோம்."

வெர்லின் தகரப் பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டு வெகுநேரம் அதன் மூடியிலேயே கையை வைத்திருந்தார்.

"கையாலதான எழுதுவாங்க?"

"சத்தியமா கையாலதான்."

"கம்ப்யூட்டர்ல அடிச்சு ஒட்டிடக் கூடாது."

"ஒட்ட மாட்டாங்க."

"எழுத்து அழகா இருக்கணும். லவோன் எழுத்து அப்படி இருக்கும்."

டெனிஸ் அதையும் குறித்துக்கொண்டு பெயர்ச்சீட்டுகளை வாங்கிக்கொண்டார். வெர்லின் சொல்ல நினைத்தது எல்லாம் சொல்லியாயிற்று. உறையில் போட வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. இந்த நானூற்றுப் பன்னிரண்டு பேர் யார், ஏன் தனிப் பெட்டியில் இருக்கிறார்கள் என்றும் சொல்லவில்லை. சொல்லாமல் மறைத்ததாகக் கொள்ளக்கூடாது. ஒருவர் மற்றவருக்கு இப்படிப்பட்ட செய்தியை உறையில்லாமல் அனுப்பக்கூடும் என்பதே அவர் புத்திக்கு எட்டாத ஒன்று. குளிக்கப் போகிறவரிடம் கதவைச் சாத்திக்கொள் என்று யாராவது சொல்வார்களா?

அட்டைகள் அக்டோபர் இரண்டாம் வாரம் போயின. திறந்த தபால் அட்டைகள். முகப்பில் மாநிலத்தின் படம், பின்னால் மனமார எழுதிய நான்கு வரிகள். நகரத்து அம்மாக்கள் ஒரு சனிக்கிழமை முழுவதும் உட்கார்ந்து எழுதியிருந்தார்கள். எழுத்து அழகாகவே இருந்தது.

வெர்லினுக்கு அது தெரிந்தது அக்டோபர் இருபதாம் தேதி, தேவாலயத்தின் லூட்டஃபிஸ்க் மீன் விருந்தில். கவுண்டியில் பாதி அன்று அந்த நிலவறைக் கூடத்துக்கு வரும். வெள்ளைவெளேரென்று நடுங்கும் மீனும் உருக்கிய வெண்ணெயுமாக நீண்ட மேசைகள். வெர்லின் தம் சீட்டெண் அழைக்கப்பட்டதும் போய் உட்கார்ந்தார். எப்போதும் இருபுறமும் நெருக்கிக்கொண்டு உட்காரும் கூட்டம், அன்று அவருக்கு இடப்பக்கம் இரண்டு நாற்காலிகளைக் காலியாக விட்டது. இடக்கையால் கரண்டி பிடிப்பதால் இடம் விட்டிருக்கிறார்கள் போலும் என்று நினைத்துக்கொண்டார்.

உருளைக்கிழங்குப் பாத்திரத்தோடு எலாய்ஸ் டிட்மர் வந்தாள். லிட்டில் மார்ஷ் ஊராட்சியில் நூற்றிருபது மாடுகள் உள்ள பண்ணை அவர்களுடையது. அவள் கணவன் ரஸ் அங்கே டுவெயினின் கட்சிக்கு ஊர்த் தலைவர். தகரப் பெட்டியில் அவள் சீட்டு இருபத்து நான்கு வருடப் பழையது.

வெர்லின் தட்டை நீட்டினார். அவள் பரிமாறவில்லை.

"கார்டு வந்துச்சு, வெர்லின்."

"என்ன கார்டு?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. ரஸ்தான் தபால் பொட்டிலருந்து எடுத்துட்டு வந்தாரு. சாப்பாட்டு மேசையில சத்தமா படிச்சாரு. பையனும் மருமகளும் இருந்தாங்க." அவள் குரல் தாழ்ந்திருந்தது, முகம் பரிமாறுகிறவள் முகமாகவே இருந்தது. "'அன்புள்ள எலாய்ஸ், நீ எங்களில் ஒருத்தின்னு தெரியும். வெர்லின் உன்னை நம்பியிருக்கிறார்.' உங்க பேரு. கார்டுல உங்க பேரு இருக்கு."

வெர்லின் நீட்டிய தட்டை மேசையில் வைத்தார்.

"எலாய்ஸ், நான்..."

"முப்பத்தோரு வருஷம் ஒரே கட்டில்ல படுத்திருக்கோம். அந்த மனுஷனுக்குத் தெரியாம நான் வச்சிருந்தது அது ஒண்ணே ஒண்ணுதான். அவரு கத்தல, அடிக்கல. 'எத்தனை வருஷமா?'ன்னு மட்டும் கேட்டாரு. அதுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

"நான் வந்து ரஸ்கிட்ட பேசட்டுமா?"

"நீங்க பேசின வரைக்கும் போதும். தபால் ஓட்டு வாங்கலாம், ரெண்டு பேரும் எதிரெதிர ஒக்காந்து போடலாம்னாரு. நான் இந்த வருஷம் போடவே போறதில்லைன்னு சொல்லிட்டேன். அப்பதான் எழுந்து மாட்டுக்குப் போனாரு." அவள் அடுத்த ஆளைப் பார்த்துத் திரும்பினாள். "உருளைக்கிழங்கு வேணுமா, ஹாரல்ட்?"

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. தபால்காரர் படித்தார், தபால் பெட்டியிலிருந்து எடுத்த மாமியார் படித்தாள், தபால் நிலையத்தில் பக்கத்துப் பெட்டிக்காரர் தோள்வழியே படித்தார். தீவனக் கடையில் கணக்கரைப் பார்த்து யாரோ கேலியாக ஆட்டுக் குரலில் கத்தினார்கள். துப்பாக்கிக் கடை வாசலில் இளைய சகோதரரின் அட்டையை மூத்தவரே ஒட்டிவைத்தார், வேடிக்கைக்காக என்று. ஒருவரையும் யாரும் கை நீட்டி அடிக்கவில்லை, வேலையைவிட்டு நீக்கவில்லை. இனி வாக்குச்சாவடிக்குப் போனால் எல்லார் கண்ணும் தங்கள் முதுகில் இருக்கும் என்பதை மட்டும் அவர்கள் அறிந்துகொண்டார்கள்.

மறுநாளே வெர்லின் தம் பச்சை வண்டியை எடுத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்கப் புறப்பட்டார். அதுவும் தவறாகவே போயிற்று. அந்த வண்டி எந்த வாசலில் நின்றதோ, அந்த வீட்டையும் சாலையில் போகிற வருகிறவர்கள் எண்ணத் தொடங்கினார்கள். பதினோராவது வீட்டில் ஒரு கிழவி சன்னலுக்குள்ளிருந்து, கோழியை விரட்டுவதுபோல, போ போ என்று கையை ஆட்டினாள். அவர் வீட்டுக்குத் திரும்பினார். அதற்கப்புறம் எங்கும் போகவில்லை. தொலைபேசியில் டெனிஸ் இருமுறை அழைத்தார். எல்லாக் கவுண்டியிலும் அட்டை நன்றாக வேலை செய்கிறது என்று மகிழ்ச்சியோடு தகவல் விட்டிருந்தார்.

நவம்பர் ஆறாம் தேதி ஆலங்கட்டியும் மழையுமாகப் பெய்தது. அவர் காலை ஏழுக்கே போய் வாக்களித்துவிட்டு வந்தார்.

வாக்குகளைச் சரிபார்த்துச் சான்றளிக்கும் கவுண்டிக் குழுவில் மூவர்: கவுண்டி எழுத்தர் கொரின் ஸ்வீனி, டுவெய்ன் ப்ரஸ்டா, வெர்லின். கட்சிக்கு ஒருவராவது இருக்க வேண்டும் என்பது விதி. பதின்மூன்றாம் தேதி நீதிமன்றக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்தார்கள். ஊராட்சி ஊராட்சியாகப் பைகள் வந்தன. வாக்களித்தவர் பெயர்ப் பட்டியலை வாக்குச்சீட்டின் எண்ணிக்கையோடு ஒத்துப்பார்க்க வேண்டும். எண்ணிக்கை பார்க்கப் பெயரைப் படிக்க வேண்டியதில்லை. வெர்லின் படித்தார்.

லிட்டில் மார்ஷ் பட்டியலில் ரஸ் டிட்மர் என்றிருந்தது. அடுத்த வரி வேறு குடும்பம். நார்த் ஃபோர்க் ஊராட்சிப் பட்டியலில் தீவனக் கடைக் கணக்கர் இல்லை. துப்பாக்கிக் கடை மூத்தவர் இருந்தார், இளையவர் இல்லை. தகரப் பெட்டியின் வரிசை முழுவதும் அவருக்கு மனப்பாடம். மாலைக்குள் எண்ணி முடித்தார். முந்நூற்று முப்பத்தெட்டுப் பேர் வரவில்லை.

முப்பத்து நான்கு சதவீதம் முப்பதரை ஆகிவிட்டிருந்தது. மாநிலத்தில் ஆளுநர் பதவியை அவருடைய கட்சி முந்நூற்று நான்கு வாக்கில் இழந்திருந்தது.

கொரின் காப்பி எடுக்கப் போனதும் டுவெய்ன் தொண்டையைச் செருமினார். அன்றைக்கு அவர் வாயில் ஒரு கேலியும் இல்லை.

"என் மச்சினிச்சிக்கும் வந்துச்சுய்யா ஒரு கார்டு."

"தெரியும்."

"பதினெட்டு வருஷமா உனக்குப் போட்டிருக்கா?"

வெர்லின் பட்டியலை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"சரி, சொல்லாத. இத்தினி வருஷம் நீ நூறு இருநூறுன்னு பேசினப்ப, சும்மா அளக்கறான்னுதான் நெனச்சேன். நெஜமாவே ஒவ்வொருத்தரா வச்சிருந்தியாய்யா நீ?"

"வச்சிருந்தேன்" என்றார் வெர்லின்.

வித்தியாசம் அவ்வளவு சிறியதாக இருந்ததால் மாநிலம் முழுவதும் மறு எண்ணிக்கைக்கு உத்தரவாயிற்று. மான் வேட்டைப் பருவத்தின் நடுவே, ஆரஞ்சு நிறச் சட்டையோடு நேராகக் காட்டிலிருந்து வந்து உட்கார்ந்தார் டுவெய்ன். ஒவ்வொரு சீட்டையும் கையால் எடுத்து, விளக்கில் காட்டி, எண்ணினார்கள். வெர்லினின் கட்டு அதற்குள் பிரிக்கப்பட்டிருந்தது. வெளுத்து மெலிந்த கை. மெரிடித்தில் ஒரே ஒரு வாக்கு அவர் கட்சிக்குக் கூடிற்று. மாநிலம் முழுவதிலும் எட்டுக் கூடிற்று. வித்தியாசம் இருநூற்றுத் தொண்ணூற்றாறு.

கொரின் சான்றிதழை மேசையில் வைத்தபோது, நடைவழியில் வெர்லினுக்குத் தொலைபேசி வந்தது. டெனிஸ். குரல் உடைந்திருந்தது, பல நாள் தூங்காதவரின் குரல்.

"வெர்லின், கையெழுத்துப் போட்டுட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"போடாதீங்க. வக்கீல் பக்கத்துல இருக்காரு. சுத்தி இருக்கற அஞ்சு கவுண்டிலயும் நாம ஏறியிருக்கோம். உங்ககிட்ட மட்டும் மூணு புள்ளிக்கு மேல இறங்கியிருக்கு. அது இயற்கையா நடக்காதுங்கறாரு. மெஷினா இருக்கலாம், ஏதாவது ஒரு பை காணாமப் போயிருக்கலாம். நீங்க 'ஆட்சேபம்'னு ஒரு வார்த்தை எழுதினாப் போதும், கோர்ட்ல நிறுத்தி வச்சிரலாம்."

கதவின் கண்ணாடி வழியே கொரின் தெரிந்தாள். பைகளின் முத்திரை எண்களை இன்னொருமுறை, யாரும் கேட்காமலே, விரலால் தொட்டுத் தொட்டுச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். இருபது வருடமாக அப்படித்தான்.

"பையெல்லாம் சரியா இருக்கு, டெனிஸ்."

"அப்ப அந்த ஓட்டெல்லாம் எங்க போச்சு?"

"எங்கயும் போகல. அவங்க வரல."

"ஏன் வரல? உங்க ஆளுங்களுக்குத்தான் நாங்க ஒண்ணு விடாம எழுதினோமே?"

வெர்லின் சுவரில் சாய்ந்துகொண்டார். "உறையில போட்டிருக்கணும்" என்றார்.

அந்தப் பக்கம் தாள்கள் புரண்டன. பிறகு மெல்ல, "அய்யோ" என்றார் டெனிஸ். பிறகு, "நீங்க அன்னிக்கே சொல்லியிருக்கலாமே, வெர்லின்? ஒரு வார்த்தை. நான் எழுதிக்கிட்டே இருந்தேனே."

"சொல்லியிருக்கணும்."

"இதை வக்கீல்கிட்ட சொல்லலாமா? அவங்க யார் யாருன்னு சாட்சி..."

"அவங்க பேரை இனி யாருகிட்டயும் சொல்றதா இல்ல" என்று வெர்லின் தொலைபேசியை அணைத்தார்.

உள்ளே வந்து உட்கார்ந்தார். ஆட்சேபம் எழுதுவதற்கென்று தாளின் கீழே நான்கு அங்குல இடம் காலியாக விடப்பட்டிருந்தது. அதில் ஒரு சொல் எழுதினால், இருபது வருடம் ஒரு சீட்டையும் தவறவிடாத கொரினின் பெயர் நாளைய செய்தித்தாளில் வரும். அதற்கடுத்த வாரம், அந்த முந்நூற்று முப்பத்தெட்டுப் பேரையும் நீதிமன்றத்தில் ஒருவர் ஒருவராக எழுப்பி, ஏன் வரவில்லை என்று கேட்பார்கள். எழுதாவிட்டால் மாநிலம் போனது போனதுதான்.

"ஆட்சேபம் ஏதாவது இருக்கா, வெர்லின்?" என்று கொரின் கேட்டாள். விதிப்படி கேட்க வேண்டிய கேள்வி.

"கணக்கு சரியா இருக்கும்மா."

பேனாவைப் பிடிக்க விரல்கள் மடங்கவில்லை. டுவெய்ன் தாளின் மேல்விளிம்பை நகராமல் அழுத்திப் பிடித்துக்கொண்டார். கையெழுத்து கோணலாக வந்தது. ஆனாலும் படிக்க முடிந்தது.

அதன்பிறகு மூன்றாண்டும் ஐந்து மாதமும் அவர் உயிரோடிருந்தார். அவர் பதவியை விட்டதும் கட்சிக்குத் தலைவர் இல்லாமல் போயிற்று. வேறு ஒருவரும் முன்வரவில்லை. அடுத்த தேர்தலில் மெரிடித் இருபத்தேழில் நின்றது. அவர் விருந்துக்குப் போகவில்லை, சீட்டாட்டத்துக்குப் போகவில்லை, வாக்களிக்கவும் போகவில்லை. வெர்லின் ஹௌக்ஸ்டாட் தம் கவுண்டிக்காகக் கடைசியாகச் செய்த காரியம் அந்தக் கையெழுத்து. 2018 நவம்பர் 29, வியாழக்கிழமை.